மணியில் முளைத்த பொட்டு

களனி கங்கைக் கரையில் எந்த ஊரில் தேடினாலும், புற்றுமண்ணிடமும் கம்ப்யூட்டரிடமும் ஒரே மூச்சில் சண்டை போடக்கூடிய பெண்மணி ஒருவர்தான் இருப்பார். யட்டியாந்தோட்டைக்குப் போகும் வழியில் உள்ள எங்கள் சிறிய பயிற்சி நிலையத்தில் உலோக வார்ப்பு படிப்பிக்கும் மெழுகு டீச்சர். சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்கும் தெரியாது.

நான் அடுத்த அறையில் தையல் டீச்சர். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான். அவர் மண்ணைச் சுட்டால் என் பிள்ளைகள் இருமுவார்கள். ஒரு நாள் யாழ்ப்பாணத் தமிழில் தேன் ஒழுக வந்து நின்றார்.

"தங்கச்சி, உம்மட அயன் பெட்டியை ஒருக்காத் தாரும்."

கொடுத்தேன். திரும்பி வந்த பெட்டியால் ஒரு கல்யாண பிளவுஸைத் தேய்த்தேன். பிளவுஸ் முழுக்கத் தேன்மெழுகு. கத்திக்கொண்டு போனால், "மெழுகு உருக்க நல்ல சாமான் தங்கச்சி, கவனமா வைச்சிரும்" என்று எனக்கே புத்தி சொன்னார்.

அவருடைய வேலை முறையே தனி. செய்ய வேண்டிய பொருளை முதலில் கம்ப்யூட்டரில் வரைவார். முப்பரிமாண பிரிண்டர் அதைப் பிளாஸ்டிக்கில் செய்து தரும். அதன்மேல் உலோகம் ஓடும் வழிக்காகக் கையால் மெழுகுத் திரி ஒட்டி, புற்றுமண்ணும் உமியும் சாணியும் குழைத்துப் பூசிச் சூளையில் வைப்பார். உள்ளே இருப்பது எரிந்து போக, அந்த வெற்றிடத்தில் வெண்கலத்தை ஊற்றுவார். புற்றுமண் எடுக்கும் முன் பாம்பிடம் உரக்க அனுமதி கேட்பார். பிரிண்டரை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். "ஐயா, இண்டைக்கு என்ன கோவம்? சொல்லுங்கோவன்" என்று அதன் முன்னால் குந்தியிருப்பார். வெள்ளிக்கிழமைகளில் ஐயாவுக்குச் சந்தனப் பொட்டும் உண்டு. மேலதிகாரிகள் யாருக்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

அதனாலோ என்னவோ, வகுப்பை மூடப் பார்த்தார்கள். ஆள் போதாதாம், பிரிண்டரைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறார்களாம். பார்வையிட வந்த சிங்கள அதிகாரியிடம் டீச்சர் அவருடைய மொழியிலேயே சவால் விட்டார். பக்கத்து றப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயில் மணி வெடித்துக் கிடக்கிறது, என் பிள்ளைகள் அதைத் திரும்ப வார்ப்பார்கள், ஒலித்தால் வகுப்பு இருக்கட்டும், இல்லாவிட்டால் ஐயாவை நானே லொறியில் ஏற்றிவிடுகிறேன் என்றார்.

கோயில் கமிட்டி ஒரு நிபந்தனை போட்டது. பழைய மணியின் வெண்கலத்தையேதான் உருக்க வேண்டும். பிசகினால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மணியைக் கொண்டுவந்த பூசாரி அதன் நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டைக் காட்டி, "படம் எடுங்க, ஆனா பொட்ட மட்டும் தொட்றாதீங்க. எங்கப்பா காலத்துல இருந்து வச்சது" என்றார். டீச்சர் தொடவில்லை. பிள்ளைகள் கைபேசியால் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்து, வெடிப்பை மட்டும் அடைத்து, பிரிண்டரிடம் கொடுத்தார்கள். மணியை உருக்கிய அன்று பூசாரியே கும்பிட்டு, சந்தனத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டார்.

வார்ப்பு ஆறியதும் கோயில் முற்றத்தில் வைத்து மண் அச்சை உடைத்தோம். அதிகாரி, கமிட்டி, தோட்டத்துச் சனம் எல்லாரும் வந்திருந்தார்கள். நானும் வகுப்பைப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலோடு வந்து நின்றேன். மண் உதிர்ந்தது. மணியின் நெற்றியில் வடை அளவுக்கு ஒரு வெண்கலப் புடைப்பு.

"என்னா டீச்சர் இது, கட்டி மாதிரி?" என்றார் கமிட்டித் தலைவர்.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. பல வருடச் சந்தனம் ஏறித் தடித்திருந்த பொட்டையும் பிரிண்டர் ஐயா மணியென்றே நினைத்துச் செய்து கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் திரையில் நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். கோயில் மணியில் பொட்டு இருப்பது எங்களில் யாருக்குப் பிழையாகத் தெரியும்?

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ர பிள்ளையளின்ர வகுப்பு போச்சு" என்று முணுமுணுத்தார். பாம்பிடமே உரக்கப் பேசிய குரல் அது.

பூசாரி குனிந்து புடைப்பைத் தடவிப் பார்த்தார். மடியிலிருந்து குங்குமம் எடுத்து அதன் நடுவில் வைத்தார். "ஆத்தா அவ எடத்த அவளே புடிச்சுக்கிட்டா. இனி எங்க வைக்கிறதுன்னு தேட வேணாம்" என்றார். பிறகு மணியைத் தூக்கிக் கட்டச் சொல்லி, அதன் நாக்கை இழுத்தார்.

கணீரென்ற சத்தம் றப்பர் மரங்களைத் தாண்டி தோட்டத் தொழிலாளர் லயங்கள் வரை போனது. அங்கிருந்து நாய்கள் பதில் சொல்லின. "ஹரி ஷோக்!" என்று சிங்களத்தில் மெச்சி அதிகாரி கைதட்டினார். பிரிண்டர் இங்கேயே இருக்கட்டும் என்றார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சந்தோஷத்தில் சிங்களம் மறந்துபோய், "அப்ப ஒரு புகைபோக்கியும் தாங்கோ, பக்கத்துத் தங்கச்சி இருமுறா" என்று தமிழிலேயே கேட்டார்.

புகைபோக்கி இன்னும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையிலேயே தட்டிக்கு மேலால் புகை வந்தது. அயன் பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.