பாப்பாவின் ஆரஞ்சு மீன்

தொட்டியில் மூன்று மீன்களும் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. சுற்றுச்சூழல் அதிகாரி சோதனைக்கு வரும் நாள் பார்த்தா இப்படி?

"போச்சு, எல்லாம் போச்சு" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார் வடிகட்டி.

அந்தச் சாயப்பட்டறையில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய அவர் மூளையில் உதித்த புது வடிகட்டியைப் பொருத்திய நாளிலிருந்து அவரே வடிகட்டி ஆகிவிட்டார். முன்பெல்லாம் கழிவு தெளியும்வரை இயந்திரங்கள் சும்மா நிற்கும். இப்போது நிற்பதில்லை. வேலை பெருகி, இரண்டாவது ஷிப்டுக்கும் ஆள் எடுத்திருந்தார்கள். சுத்தமான நீர் வெளியேறும் வாய்க்கால் ஓரத்தில் தொட்டி வைத்து, அதே நீரில் மீன் வளர்ப்பதும் அவர் யோசனைதான். மீன் நீந்தினால் நீர் நல்ல நீர்.

மீன் செத்தால்? பட்டறைக்குப் பூட்டு. இரண்டாவது ஷிப்டு மொத்தமும் தெருவில்.

மனைவிக்குப் போன் போட்டார். "நம்ம வீட்டு மீனையெல்லாம் உடனே எடுத்துட்டு வா!"

"பட்டறையில மீனுக்கு என்னங்க வேலை?"

"உயிரோட இருக்கிற வேலை! சீக்கிரம்!"

டிபன் டப்பாவில் மீன்களோடு வந்தாள் அவள். "ஆரஞ்சு மீனுக்கு குட்நைட் சொல்லாம பாப்பா தூங்க மாட்டா. அதுக்கு ஏதாவது ஆச்சு, அவகிட்ட நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்று டப்பாவை நீட்டிவிட்டுப் போனாள்.

தொட்டியில் விட்ட சற்று நேரத்தில் அவையும் மேலே வந்து வாயைப் பிளந்தன. வடிகட்டி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தான் பெருமையாகச் செய்த கருவியே விஷம் கக்குகிறதா? தொட்டியில் பாதியை இறைத்துக் கொட்டிவிட்டு, குடிநீர்க் குழாய்க்கு ஓடினார். நல்ல தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். ஊற்ற ஊற்ற மீன்கள் துடித்தன. ஒன்று சாய்ந்தது. பிறகு இன்னொன்று.

ஆரஞ்சு மீன் மட்டும் அவரையே பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதை அப்படியே விட்டிருந்தால் அதிகாரி வரும்போது ஓர் உயிராவது தொட்டியில் அசையும். அவருக்கு மனசு கேட்கவில்லை. "இந்தக் கண்ணாடிக்குள்ள கிடந்து சாக வேண்டாம்மா. கடவுள் விட்ட வழி" என்று கையில் ஏந்தி வாய்க்காலில் விட்டார்.

வாசலில் கார் சத்தம்.

தொட்டியைப் பார்த்த முதலாளியின் முகம் வெளுத்தது. அதிகாரி குடிக்கத் தண்ணீர் கேட்டார். கூட்டிப் பெருக்கும் அக்கா கொண்டுவந்த டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்து, முகம் சுளித்தார். "என்ன, ஒரே குளோரின் மருந்து வாடை? சரி, இதெல்லாம் எப்போ செத்தது?"

பொய் சொல்ல வடிகட்டிக்கு நாக்கு எழவில்லை. "முதல் மூணும் காலையிலேயே சார். மறைக்கத்தான் வீட்டு மீனைக் கொண்டுவந்து விட்டேன். தப்பு என்னோடது. ஷிப்டு ஆளுங்க வயித்துல அடிச்சிடாதீங்க."

அப்போது வாய்க்காலில் 'சளக்' என்று ஒரு சத்தம். ஆரஞ்சு மீன் வாலைச் சுழற்றி, நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தது.

"ஐயோ, எங்க பாப்பா மீனு!"

அதிகாரி குனிந்து பார்த்தார். "அதே தண்ணியில இது மட்டும் எப்படிய்யா நீந்துது?"

அக்கா காலி டம்ளரைத் தயக்கத்தோடு பார்த்தார். "அதே தண்ணி இல்லீங்கய்யா. நீங்க வர்ற நாளாச்சே, பாவம் அதுங்களும் நல்ல தண்ணியில இருக்கட்டும்னு, விடிஞ்சதும் நான்தான் தொட்டியைக் கழுவி, இப்போ நீங்க குடிச்சீங்களே, அந்தத் தண்ணியை ரொப்பி வெச்சேன்."