நவம்பருக்கு எட்டு மில்லிமீட்டர்

அழைப்பிதழை மூன்றாவது முறை படித்தபோதுதான் மில்லிமீட்டர் தேதியைக் கவனித்தார்.

'நவம்பர் பதினான்கு, ஞாயிறு மாலை ஐந்து மணி. கடற்கரைத் திடலில், திறந்தவெளியில், நமது மேலாளரின் பாட்டுக் கச்சேரி. ஊழியர்கள் குடும்பத்தோடு கட்டாயம் வரவும்.'

இந்த ஊரில் நவம்பர் மாதம் கடற்கரைத் திடலில் நீச்சல் போட்டி வைக்கலாம். கச்சேரி வைக்க முடியாது.

அது அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வானிலை அலுவலகத்தின் மழைப் பதிவுப் பிரிவில் பத்தொன்பது வருடமாக மழை அளக்கிறவர். தினமும் காலை எட்டரைக்கு மொட்டைமாடி ஏறி, மழைமானியில் சேர்ந்த நீரை அளந்து ஏட்டில் எழுதுவது அவர் வேலை. டீ கொண்டுவந்து வைத்தால்கூட, "ரெண்டு மில்லிமீட்டர் குறையுதே" என்பார். அதனால் அலுவலகத்தில் அவர் பெயரே அப்படி ஆகிவிட்டது.

சந்தேகம் வந்து சுவரைப் பார்த்தார். போன மாதம் ஐந்நூறு பிரதி அச்சாகி வந்த மாதச் சராசரி மழை அட்டவணை. அவரே தயாரித்தது, அவரே பிழை திருத்தியது. பிப்ரவரிக்கு நேரே முந்நூற்று ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். நவம்பருக்கு நேரே எட்டு.

இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

"ஏம்மா, நீங்க யாரும் இதைப் பார்க்கவே இல்லையா?" என்று பக்கத்து மேசைத் தட்டச்சு அம்மாளிடம் கேட்டார்.

"பார்க்காம என்ன? நவம்பர்ல கொட்டுமே சார்னு மேலாளர்கிட்ட சொன்னேன். 'அது உங்க அபிப்பிராயம்மா. இது முப்பது வருஷச் சராசரி'ன்னுட்டார்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்க கணக்கைத் தப்புன்னு சொல்ல இங்க யாருக்குத் தைரியம் இருக்கு?"

மேலாளர் ஊருக்குப் புதிது. மழையே பார்க்காத ஏதோ ஓர் உள்நாட்டு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அவர் அறையில் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. அதை மறைத்துக் கோப்பு அலமாரியை இழுத்துப் போட்டிருந்தார்.

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று மில்லிமீட்டர் அவர் அறைக்குப் போனார்.

"சார், அந்த அட்டவணையைப் பத்தி..."

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். என் சர்வீஸ்ல இப்படிச் சுத்தமா ஒரு அட்டவணை பார்த்ததில்லை. உங்களுக்குப் பதவி உயர்வு குடுக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதிட்டேன். ஆமா, என்ன சொல்ல வந்தீங்க?"

"காகிதம் நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன் சார்."

வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் வேறு வழியில் ஆரம்பித்தார்.

"சார், உங்க குரல் இருக்கே, அதைத் திறந்தவெளியில வீணாக்கலாமா? கடல்காத்து அள்ளிட்டுப் போயிடும். உள்ளரங்கம்னா..."

மேலாளர் கண்கள் கலங்கிவிட்டன. "நாலு மாசத்துல என் குரலைப் பத்திப் பேசின முதல் ஆள் நீங்கதான். நீங்க சொல்றது சரி. எட்டு ஒலிபெருக்கி வெச்சுடுங்க. இனிமே கச்சேரிப் பொறுப்பு மொத்தமும் உங்களோடது."

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயா சோறு இறங்காம உட்கார்ந்திருக்கீங்க? சரியான எண்ணை ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி, தப்பான எண் மேல ஒட்டிடுங்க. அவரே பார்த்துட்டுத் தேதியை மாத்திடுவார்" என்றாள்.

அவருக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நாற்காலி மேல் ஏறினார். வாயில் துண்டுக் காகிதம், கையில் பசை. பின்னால் மேலாளரின் குரல் கேட்டது.

"அங்க என்ன பண்றீங்க?"

பதறியதில் மில்லிமீட்டர் காகிதத்தை விழுங்கிவிட்டார். "ஓரம் பிஞ்சிருக்கு சார். ஒட்டலாம்னு..."

"அடடா! இதை இப்படி வெறுமனே மாட்டி வெச்சதே தப்பு. சட்டம் அடிச்சுக் கண்ணாடி போட்டுடுங்க."

அன்று சாயங்காலமே அட்டவணை கண்ணாடிக்குள் போய்விட்டது. தவறு இப்போது பளபளவென்று தெரிந்தது.

கடைசி முயற்சியாக, யாரிடமும் சொல்லாமல் திடலில் பந்தல் போடத் தார்ப்பாய்க்கு ஏற்பாடு செய்தார். சனிக்கிழமை காலை தார்ப்பாய் வந்து இறங்கியபோது மேலாளரும் மேடையைப் பார்க்க வந்து இறங்கினார்.

"எட்டு மில்லிமீட்டருக்குத் தார்ப்பாயா?"

"முன்னறிவிப்புப் பிரிவுல கனமழைன்னு சொல்றாங்க சார்."

"அவங்க இனிமே நடக்கப்போறதை ஊகம் பண்றவங்க. நாம நடந்ததை அளந்தவங்க. நீங்களே உங்க அட்டவணையை நம்பலைன்னா எப்படி? திருப்பி அனுப்புங்க. அந்த அட்டவணையையும் மேடையில மாட்டுங்க. தலைமை அதிகாரி வர்றார், அவரும் பார்க்கட்டும்."

மில்லிமீட்டர் தார்ப்பாயை வண்டியில் திருப்பி ஏற்றினார். பத்தொன்பது வருட உத்தியோகத்தில் முதல் தடவையாக, மழை பெய்யக் கூடாது என்று அன்று வேண்டிக்கொண்டார்.

ஞாயிறு மாலை முந்நூறு நாற்காலிகளும் நிரம்பின. கட்டாயம் என்று போட்டிருந்தார்களே! முன்வரிசையில் தலைமை அதிகாரி, அவர் பக்கத்தில் மேலாளரின் மனைவி. மேடையில் மேலாளருக்குப் பின்னால் அட்டவணை. மேகம் கடலிலிருந்து கறுகறுவென்று ஏறி வந்துகொண்டிருந்தது. மேலாளர் ஜன்னலையே பார்க்காதவர், வானத்தையா பார்க்கப்போகிறார்? கண்ணை மூடிக்கொண்டு பாட்டை எடுத்தார்.

முதல் வரியை இழுத்தார். இன்னும் இழுத்தார். மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் இடி விழுந்தது.

அப்புறம் பெய்தது பாருங்கள், அதை மழை என்று சொன்னால் போதாது. எட்டு ஒலிபெருக்கியும் ஒரு தரம் கரகரத்துவிட்டு ஓய்ந்தன. முந்நூறு பேரும் எழுந்து ஓடினார்கள். தட்டச்சு அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடினாள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டால் பிள்ளைகள் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது ஒவ்வொருவர் முகமும்.

மேலாளர் சட்டம் போட்ட அட்டவணையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, திடலின் ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். அங்கே தலைமை அதிகாரியும் மேலாளரின் மனைவியும் முன்பே ஒதுங்கியிருந்தார்கள். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? மில்லிமீட்டர் சொட்டச் சொட்ட முன்னால் போய் நின்றார்.

"சார், தப்பு என்னோடது. நவம்பரும் பிப்ரவரியும் இடம் மாறிடுச்சு. பதவி உயர்வு எனக்கு வேண்டாம். என்ன தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேன்."

மேலாளர் தலைமேலிருந்து அட்டவணையை இறக்கி உற்றுப் பார்த்தார்.

"எண் தப்பா, இடம் தப்பா?"

"இடம்தான் சார். எண் ரெண்டும் சரி."

"அப்படின்னா வருஷக் கூட்டுத்தொகை?"

"அதுல ஒரு சொட்டுக்கூடக் குறையாது சார்."

"அப்பாடா!" மேலாளர் சுவரில் சாய்ந்துவிட்டார். "பயமுறுத்திட்டீங்களே! கணக்கே தப்போன்னு நினைச்சேன்."

தலைமை அதிகாரி கைக்குட்டையைப் பிழிந்தபடி சிரித்தார். "முதல் பாட்டுலயே கச்சேரி முடிஞ்சு நான் வீட்டுக்குப் போறது என் சர்வீஸ்லயே இதுதான் முதல் தடவை. இந்த ஆளுக்கு எதுக்குத் தண்டனை? அந்த ஐந்நூறு பிரதியும் இன்னும் வெளியில போகலையே? திருத்தி அடிச்சா முடிஞ்சுது. பதவி உயர்வு அப்படியே இருக்கட்டும்."

மில்லிமீட்டருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் அழுகையும் வந்தது, நனைந்த முகத்தில் யாருக்கும் தெரியவில்லை. மேலாளர் ஒரு குடையை வாங்கிக்கொண்டு தலைமை அதிகாரியைக் கார்வரை கொண்டுபோய் விடப் போனார்.

கொட்டகையில் மேலாளரின் மனைவி மட்டும் நின்றிருந்தார். மில்லிமீட்டர் கையைக் கூப்பினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. என்னோட ஒரு தப்பால சாரோட கச்சேரியே நின்னுபோச்சு."

அந்த அம்மாள் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்:

"நீங்க ஏன் தம்பி மன்னிப்புக் கேக்குறீங்க? நவம்பர்ல இங்க துணியே காயாதுன்னு பக்கத்து வீட்டம்மா நான் வந்த அன்னைக்கே சொன்னாங்க. உங்க அட்டவணையைக் காட்டி இந்தத் தேதியைக் குறிச்சுக் குடுத்ததே நான்தான்."