ஊருணியில் விழுந்த பி.ஏ.

எங்கள் ஊருணியை வெட்டியவர் பெயர் ஒரு கல்லில் இருக்கிறது. கரை கட்டியவர் பெயர் இன்னொரு கல்லில். ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ஆண்டுதோறும் சாணமும் சாம்பலும் அள்ளுகிற வெள்ளச்சிக்குக் கல் கிடையாது. அந்தத் தண்ணீரில் குடம் நனைக்கவும் அவளுக்கு அனுமதி கிடையாது. ஆகவே அவள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன்.

அன்று எனக்கு இட்ட வேலை எளியது. முதல் மழை தெருவையெல்லாம் கழுவிக்கொண்டு வரும். அந்த அழுக்கு ஊருணிக்குள் புகாமல், வரத்துக்கால் வந்து சேரும் வாய்முகத்தில் பலகையை இறக்கிப் பொட்டலுக்குத் திருப்பிவிட வேண்டும். தண்ணீர் தெளிந்ததும் பலகையைத் தூக்க வேண்டும்.

இதற்கு எதற்கு ஒரு பி.ஏ.?

பலகை ஊருணி நீரைத் தொடும். எனவே வெள்ளச்சி பலகையைத் தொடலாகாது. ஊருணிக் கமிட்டியிலிருந்த ஆண்களோ மழையில் நனையலாகாது. மிஞ்சியவள் நான்.

மழை பிடித்தது. பலகை பாதியில் சிக்கிக்கொண்டது. பட்டணத்தில் வாங்கிய பூட்ஸோடு அதன்மேல் ஏறி மிதித்தேன். அசையவில்லை.

"வெள்ளச்சி! வந்து ஒரு கை பிடி!"

"நான் தொட்டா ஆகாதுன்னு சொன்னீகளே ஆச்சி!"

"நான் சொல்லவில்லை, கமிட்டி சொன்னது!"

"கமிட்டியில நீங்களுந்தானே இருக்கீக!"

தர்க்க சாஸ்திரத்தில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். பதிலை மூன்று படியாக அடுக்கத் தொடங்கினேன். அதற்குள் பலகை முறிந்தது. வாய்முகம் பெயர்ந்தது. ஒரு தெருச் சாணம், ஒரு செத்த எலி, ஒரு பட்டதாரி ஆகிய மூன்றும் ஒன்றாக ஊருணிக்குள் போய்ச் சேர்ந்தன!

பல்கலைக்கழகத்தில் நீச்சல் பாடமில்லை.

கரையிலிருந்து குரல் வந்தது. "ஆச்சி, இப்பத் தொடலாமா?"

"தொடு!" என்றேன். வாயில் இருந்ததைப் பற்றி எழுத விரும்பவில்லை.

குதித்தாள். என் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். கண் திறந்தால், குடையோடு கமிட்டித் தலைவர், வெள்ளச்சியை முறைத்தபடி.

"அடி பாதகத்தி! ஊருணிக்குள்ள காலை வச்சிட்டியே!"

"ஐயா, ஊர்ச் சாணம் முழுக்க உள்ளே போயிருக்கிறது" என்றேன்.

"அது மழையோட தானா வந்தது, ஆச்சி. இவ தெரிஞ்சு இறங்குனவ."

அன்றே கமிட்டி கூடியது. எலியைப் பற்றிப் பேச்சில்லை. வெள்ளச்சி இறங்கியதால் தண்ணீர் கெட்டது, இனி யாரும் தொடக்கூடாது என்றார்கள். அவளுக்கு வேலையும் போயிற்று.

வெளியே நின்றவள் கேட்டாள்: "அப்ப இந்தத் தண்ணி உங்களுக்கு ஆகாதுல்ல?"

"ஆகாது!"

"எங்களுக்கு ஆகுமுங்க."

மறுநாள், அழுக்கு அடியில் படிந்ததும், அவள் தெருவே குடத்தோடு வந்தது. எலியை எடுத்துப் போட்டதும் அவர்கள்தாம். தண்ணீர் இறங்க இறங்கக் கமிட்டி தினமும் கரைக்கு வந்து படிகளை எண்ணிப் பார்த்தது. அடுத்த மழை பெய்த கையோடு, தண்ணீர் மறுபடி சுத்தமாகிவிட்டதென்று கண்டுபிடித்து, கரையில் காவல் போட்டார்கள். வரத்துக்கால் அள்ளத்தான் ஆள் போடவில்லை.

வெள்ளச்சி இப்போது சாக்கோட்டைப் பக்கம் ஒரு சூளையில் செங்கல் சுமக்கிறாள். நான் பெயர்த்த வாய்முகத்தைப் புதிதாகக் கட்ட அந்தச் சூளைக் கல்தான் வந்து இறங்கியிருக்கிறது.

அதில் அவள் கை பட்டதைக் கமிட்டியிடம் நான் சொல்லவில்லை.