வயிற்று விவகாரத்தில் ஒரு பிழைத்திருத்தம்

மதிப்பும் பாசமும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனாகிய நான், சுயநினைவோடும், பிறர் தூண்டுதல் எதுவும் இல்லாமலும் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகமில்லை. அங்கு தாங்களும் தங்கள் வீட்டாரும், ஒன்றரை மாதமாக அங்கேயே தங்கியிருக்கும் தங்கள் தங்கையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பும் சர்க்கரை சேர்க்காத புதினா மிட்டாய் டப்பா மாதம் தவறாமல் வந்து சேருகிறது. போன வருஷம் எனக்கு ரத்தத்தில் சர்க்கரை என்று தெரிந்தபோது ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். தாங்கள் ஒருவர்தான் மிட்டாய் அனுப்பினீர்கள். அந்த நன்றியை முதலில் பதிவு செய்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் என் வயிறு. தங்கள் தங்கை தன் தரப்பைச் சொல்லியிருப்பாள். என் தரப்பு பின்வருமாறு. பத்து மாதமாக என் வயிறு என் பேச்சைக் கேட்பதில்லை. காலையில் உப்ப ஆரம்பித்து, பதினொரு மணிக்குச் சட்டையின் கடைசிப் பொத்தானைக் கழற்ற வைத்து, மத்தியானத்துக்குமேல் உறுமத் தொடங்கி, சாயங்காலத்துக்குள் மூன்று தடவையாவது என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி ஓட விடுகிறது. பத்திரம் எழுதுகிறவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பதிவு அலுவலகத்துக்கு எதிரே என் அறை எட்டடிக்குப் பத்தடி. அதில் நான், தட்டச்சு செய்கிற அம்மாள், கட்சிக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு. கழிப்பறை மாடியில், அதன் சாவி கீழே கடிகாரம் பழுது பார்க்கிறவரிடம். முதலில் நான் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது என் செருப்புச் சத்தம் கேட்டதுமே அவர் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்காமல் சாவியை வெளியே நீட்டிவிடுகிறார்.

இதிலே ஒரு நாள் அண்ணன் தம்பி இரண்டு பேர் வீட்டைப் பாகம் பிரிக்க வந்திருந்தார்கள். ஏழு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, ஒரு வழியாக அன்றைக்குத்தான் ஒத்துவந்தவர்கள். நான் பத்திரத்தைப் படித்துக் காட்டிக்கொண்டு வருகிறேன். "இதில் எங்களில் யாருக்கும் எவ்வித ஆட்சேபணையும் இல்லை" என்று படித்து நிறுத்தின இடத்தில், என் வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டு, கடைசியில் கேள்வி கேட்கிற மாதிரி மேலே தூக்கி நிறுத்தியது. தம்பிக்காரர் பேனாவை மூடிவிட்டார். யோசிச்சுச் சொல்றேன்னு எழுந்து போனவர்தான். அந்த வீடு இன்னும் பிரியவில்லை. அண்ணன்காரர் இப்போது என்னோடும் பேசுவதில்லை.

வயிற்று டாக்டர் ஒருவரிடம் போனேன். நிதானமான மனிதர். சாப்பிடுறது, குடிக்கிறது எல்லாத்தையும் ஒண்ணு விடாம ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க, எதனாலன்னு கண்டுபிடிச்சுடலாம்னார். எழுத்துதானே, நம்ம தொழிலாச்சேன்னு அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். "மேற்படி தேதியில் காலை ஏழே காலுக்கு ரொட்டித் துண்டு இரண்டு, அதில் ஒன்று வடக்கு ஓரம் கருகியது" என்கிற அளவுக்கு விவரமாக எழுதினேன். டாக்டர் படித்துவிட்டு முதலில் பாலை நிறுத்தினார். ரெண்டு வாரம் பார்த்தோம், வயிறு அசையலை. பிறகு ரொட்டியை நிறுத்தினார். பிறகு பயறு, முட்டைக்கோஸ், வெங்காயம். வெங்காயத்தை நிறுத்தினதுக்கு அப்புறம் வாழ்றதே எதுக்குன்னு ஆயிடுச்சு, மச்சான். அந்த ஏக்கத்துக்கெல்லாம் உங்க மிட்டாய்தான் துணை. ஆரம்பத்துல ஒரு நாளைக்கு நாலா இருந்தது, பால் போனப்ப பத்தாச்சு, வெங்காயம் போனப்ப இருபதுக்கு வந்து நின்னுது. அப்புறம் வாய் வழியா ஒரு குழாயை விட்டு உள்ளே எல்லா அறையையும் சுத்திப் பார்த்துட்டு, "குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை"ன்னு எழுதிக் கொடுத்தாங்க. ஐம்பத்தெட்டு வருஷம் வாழ்ந்த மனுஷனைப் பத்தி எழுதுற வாசகமா அது?

இனி தங்கள் தங்கை விஷயம். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்து, பாக்கி இருப்பது இதுதான் என்ற முடிவுக்கு வந்து, நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில், "மேற்படி உபாதைக்கு மூலம் சமையலறையே எனக் கருத இடமுள்ளது" என்று எழுதினேன். என் தொழிலில் மூலம் என்றால் மூலப்பத்திரம். இந்த வரியை இரண்டு பேர் படித்தார்கள். முதலில் டாக்டர். ஓட்டமாகப் படித்தவர் கண்ணில் மூலம் மட்டும் பட்டு, இதை ஏன் சார் முன்னாடியே சொல்லலைன்னு என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கச் சொல்லிட்டார். பாதியிலே நான் விளக்கம் சொன்னேன். அப்போது அவர் இருந்த நிலையில் அவருக்கு அது காதில் விழவில்லை. அந்த இடத்திலும் குறிப்பிடத்தக்க எதுவும் இல்லையாம்.

இரண்டாவதாகப் படித்தது தங்கள் தங்கை. அவள் மூலத்தைச் சரியாகவே புரிந்துகொண்டாள். சத்தம் போடவில்லை, தட்டை எடுத்து வீசவில்லை. நோட்டை மூடி மேஜையில் நேராக வைத்துவிட்டு, "இருபத்தாறு வருஷம் என் கையால சாப்பிட்ட வயிறு, இப்பதான் என் பேர்ல கேஸ் போடுதா?" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். கேஸ்தான் பிரச்சினையேன்னு சொல்லித் தொலைச்சேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன், அவள் சிரிக்கலை. பையை எடுத்துக்கிட்டு வாசல்ல செருப்பைப் போடும்போது, "நோட்டுல எழுதாம விட்டதையும் ஒரு நாள் எழுதிப் பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. எனக்கு அதுலதான் கோபம் பொத்துக்கிட்டு வந்தது. என் எழுத்துல விட்டுப்போச்சுன்னு முப்பது வருஷத்துல ஒரு கட்சிக்காரன் சொன்னதில்லையே.

அன்றிலிருந்து நானே சமைக்கிறேன். சோறு ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் தட்டில் உருண்டு ஓடுகிறது. உப்பு எங்கே வைத்திருக்கிறாள் என்று கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது. வயிறோ அணு அளவும் மாறவில்லை. அதே உப்புசம், அதே உறுமல், அதே சாவி. போன வாரம் டாக்டர் நோட்டை முதலிலிருந்து புரட்டி, இதுல எதுவும் விட்டுப்போகலையேன்னு கேட்டார். என் எழுத்தையா சந்தேகப்படுறீங்கன்னு கேட்டுட்டு ஒரு மிட்டாயை வாயில போட்டுக்கிட்டேன். மரியாதைக்கு அவர்கிட்டயும் நீட்டினேன், ருசி நல்லா இருக்குன்னார், அரை டப்பாவை அவர் மேஜையிலேயே வச்சுட்டு வந்தேன். மிட்டாயைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு, எனக்கும் ஒண்ணும் பிடிபடலைன்னு ஒத்துக்கிட்டார்.

ஆகவே என் முடிவு: கோளாறு இந்த வீட்டுத் தண்ணீர்க் குழாயில் இருக்கிறது. சமையலறைக்கு எதிராகப் போதிய ஆதாரம் இல்லாததால், சந்தேகத்தின் பலனை அளித்து தங்கள் தங்கையை விடுவிக்கிறேன். அவள் திரும்பி வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்த மாதம் டப்பாவை இரண்டாக அனுப்பவும்; என் வயிறு ஏற்றுக்கொள்கிற ஒரே பொருள் அதுதான். தங்களுக்கு என் வணக்கமும், தங்கள் பிள்ளைகளுக்கு நோயற்ற வயிறும் நீண்ட ஆயுளும் அமைய என் ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: மேலே எழுதினதில் எதையும் நான் அடிக்கவில்லை. பத்திரத்தில் தப்பு வந்தால் கீழே பிழைத்திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் முறை. கவரை ஒட்டப் போகிற நேரத்தில் தட்டச்சு அம்மாள் குண்டூசி போட்டு வைக்க உங்க காலி டப்பாவைக் கேட்டாங்க. கையில எது கிடைச்சாலும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறது அவங்க பழக்கம். அடியில எறும்பு மாதிரி எழுத்துல இருந்ததைப் படிச்சாங்க: "அளவுக்கு மீறி உட்கொண்டால் வயிற்று உப்புசமும் பேதியும் உண்டாகலாம்." சர்க்கரைக்குப் பதிலா அதுல போடுற சரக்கு அப்படியாம்.

நான் நோட்டைப் புரட்டினேன். மிட்டாய்னு ஒரு வார்த்தை இல்லை. ஏன்னா மிட்டாயை நான் சாப்பிட்டதே இல்லை, மச்சான், வாயில போட்டுக்கிட்டேன். டாக்டர் கேட்டது சாப்பிட்டதையும் குடிச்சதையும். வாயில போட்டுக்கிறது சாப்பாட்டுக் கணக்குல வராதுன்னு யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஆனா டப்பாக்காரன் "உட்கொண்டால்"னு எழுதிட்டான். அந்த வார்த்தை எல்லாத்தையும் வளைச்சுப் போட்டுடும். நானா இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

கவரை ஒட்டாம வச்சுட்டு, மிட்டாயை நிறுத்தி இன்னியோட ஆறு நாள். வயிறு மூச்சு விடலை. கடிகாரக்காரர் நேத்து என் அறைக்கே வந்து, உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு விசாரிச்சுட்டுப் போனார். டாக்டருக்குத்தான் ரெண்டு நாளா வயிறு சரியில்லைன்னு கேள்வி. அவருக்கும் ஆள் அனுப்பியிருக்கேன். தண்ணீர்க் குழாய் மேல எந்தத் தப்பும் இல்லை. டப்பா இனிமே வேண்டாம். உங்க மேல வருத்தமும் இல்லை. நாலோட நிறுத்தியிருந்தா அது மிட்டாய்தான்.

இதை நீங்க வாசிச்சுக் காட்ட வேண்டாம், என் மனைவி கையிலேயே கொடுத்துடுங்க. நோட்டுல எழுதாம விட்டதை எழுதச் சொன்னாளே, எழுதிட்டேன். வாயில போட்டுக்கிட்டதையும் நான் எழுதலை, வாயிலிருந்து விட்ட வார்த்தையையும் எழுதலை. நாற்பத்தோராம் பக்கம் பொய். சந்தேகத்தின் பலன்னு மேலே எழுதினேனே, அது அதைவிடக் கேவலம். தப்பு முழுக்க என்னுது. நீ இல்லாம வீடு வீடா இல்லை. என்னை மன்னிச்சுட்டு வந்துடு.

பிழைத்திருத்தத்துக்கு ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். வலது பக்கம் நான் போட்டுட்டேன். இடது பக்கம் இடம் விட்டிருக்கேன், மச்சான். தபால்ல அனுப்ப வேண்டாம், அவளையே கொண்டுவரச் சொல்லுங்க.