சிற்றம்பலத்தார் தேர்ந்தெடுத்த லெப்டொப்

"கையெழுத்து எங்க ஓடப்போகுது? முதல்ல லெப்டொப்பைப் பார்ப்பம்" என்று சிற்றம்பலத்தார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

மத்தேயு நீட்டிய கடிதத்தை மடக்காமலே நின்றார். மகள் ரொஷானி கம்பஸில் படிக்க எடுபட்டிருந்தாள். விடுதிக் கடிதத்தில் இந்த அரசாங்கக் கந்தோரின் பெரியவர் சிற்றம்பலத்தாரின் கையெழுத்து இன்றே விழாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அதற்காகத்தான் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து முதல் பஸ் ஏறிப் பதுளைக்கு வந்திருந்தார். வந்த மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மகளுக்கு ஒரு லெப்டொப்பும் வாங்கணுங்கய்யா" என்று சொல்லித் தொலைத்தார்.

கணினியைப் பற்றிச் சிற்றம்பலத்தாருக்குத் தெரிந்ததெல்லாம், அதைத் துடைக்க மஞ்சள் துணி வேண்டும் என்பதுதான். ஆலோசனை சொல்ல அறிவு வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"ஐயா, கடிதத்த முடிச்சிட்டுப் போவமுங்களா?"

"உமக்கு எல்லாத்துக்கும் அவசரம். தனியப் போனால் தலையில மிளகாய் அரைச்சுப்போடுவாங்கள். வாரும்."

முதல் கடையில் மெல்லியதாக ஒன்றைக் காட்டினார்கள். சிற்றம்பலத்தார் விரலால் தட்டிப் பார்த்தார்.

"உது அப்பளம். ராம் எத்தினை?"

"எட்டு ஜீபீ சேர்."

"எட்டோ? எங்கட கந்தோரில பதினேழரை இருக்கு!"

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். ஐயா கோபித்துக்கொண்டு வெளியேறினார். மத்தேயு பின்னால் ஓடினார்.

இனி எதற்கும் தலையாட்டிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று மத்தேயு நினைத்தார். அது அதைவிடப் பெரிய மடத்தனம்.

"கனமா இருந்தால்தான் சாமான்" என்றார் ஐயா, அடுத்ததாக நுழைந்த புஹாரி நாநாவின் கடையில்.

"ஆமாங்கய்யா."

புஹாரி உள்ளே போய், அம்மிக்கல் மாதிரிப் பழைய லெப்டொப் ஒன்றைத் தூக்கிவந்தார்.

"இதுதான் லெப்டொப்!"

"ரொம்பச் சரிங்கய்யா."

ஐயாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்ப ஒரு பிரிண்டரும் எடும்."

"அது வேணாங்கய்யா. லயத்து வீட்டுல வைக்க எடமில்லீங்க."

அவ்வளவுதான். ஐயா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிரிண்டர் இல்லாத பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிப் பேசத் தொடங்கினார். நடுவில் தேநீரும் வந்தது. கந்தோர் மூடும் நேரம் நெருங்கியது. மத்தேயுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பிரிண்டரையும் குடுங்க நாநா!"

காசைக் கொடுத்து, இரண்டு பெட்டிகளையும் சுமந்துகொண்டு ஐயாவோடு கந்தோருக்கு ஓடினார். கதவு பூட்டப்படும் நேரத்தில் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது.

"நான் இல்லாட்டி உம்மை ஏமாத்தியிருப்பாங்கள்."

"ஆமாங்கய்யா."

மகளுக்கு விடுதி கிடைத்துவிட்டது. ஆனால் அவளுக்கென்று சேர்த்த காசெல்லாம் அம்மிக்கல்லுக்குப் போய்விட்டதே! இதை எந்த முகத்தோடு அவளிடம் கொடுப்பது? மத்தேயு வெட்கத்தை விட்டுவிட்டு, பெட்டிகளோடு மறுபடியும் கடைப்படி ஏறினார்.

"நாநா, கோவிச்சுக்காதீங்க. இத எடுத்துக்கிட்டு, படிக்கிற புள்ளைக்கு ஏத்த மாதிரி வேற ஒண்ணு..."

புஹாரி பெட்டிகளை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, மெல்லிய லெப்டொப் ஒன்றோடு வந்தார்.

"கையெழுத்துக் கெடச்சிச்சா? அப்ப சரி. ஐயா கூட்டிக்கொண்டு வாற எல்லாருக்கும் இதத்தான் குடுக்கிற. வருசக்கணக்கா வித்துக்கிட்டே ஈக்கிறன், இன்னும் கடைய விட்டுப் போகல்ல."