ஸ்பெயினுக்கு ஒரு ஷேர் ஆட்டோ

சிக்கனம் நல்ல குணம்தான். அது கணவனுக்கு வாய்த்தால் மட்டும் வியாதி. எனக்கு அந்த வியாதி முற்றி, தெற்கு ஸ்பெயின் வரைக்கும் போய்வந்தது.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில், ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் மனைவி ஸ்டெல்லா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். மலைச்சரிவில் சுண்ணாம்பு பூசிய வீடுகள், தெருவோரம் ஆரஞ்சு மரங்கள், கீழே யாரோ நீலச் சேலையைக் காயப்போட்டுவிட்டு மறந்துபோனதைப் போல ஒரு கடல்.

"வெள்ளிவிழாவுக்கு இங்க போலாம்யா. நீயும் நானும் மட்டும். வேற எவனும் வாணாம்."

நான் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். உள்ளே ஓர் உலை. வெளியே வந்தால் வானத்தில் அதைவிடப் பெரிய உலை. கூட வேலை பார்க்கும் ஊத்துக்கோட்டை சீனிவாசலு விஷயம் கேட்டுச் சிரித்தார்.

"இன்னா நைனா, டப்பு குடுத்து வெயிலு பாக்கப் போறியா? இங்க ஓசியில கெடைக்குதே!"

நம் வெயில் அடிக்கும், அந்த வெயில் தடவும் என்று விளக்கினேன். (இப்படித்தான் பேசுவேன். ஆலையில் என்னைக் 'கவிஞரே' என்று கூப்பிடுவது மரியாதையினால் அல்ல.) ஆரஞ்சு மரங்களைத் தாண்டிக் கடலுக்கு வருவதற்குள் அவருக்கே ஆசை வந்துவிட்டது.

"நானும் என் சம்சாரமும் வந்தா ஊட்டு வாடக பாதியாவும்ல?"

அங்கேதான் என் மூளை தடம் புரண்டது. இரண்டு பேருக்கு வீடும் காரும் எட்டாத கணக்கு. ஆனால் நம் ஷேர் ஆட்டோவைப் பாருங்கள். ஆள் நிறைந்தால்தானே வண்டியே கிளம்புகிறது? சீனிவாசலு தம்பதியோடு என் மச்சான் டேவிட்டையும் அவன் மனைவியையும் ஏற்றினேன். தலைக்கு ஆகும் வாடகை மூன்றில் ஒன்றாக இறங்கியது. அதைப் பார்த்து என் கண் கலங்கியது. என் கவிதை எதற்கும் அது கலங்கியதில்லை.

"நீயும் நானும்னு சொன்னேன்" என்றாள் ஸ்டெல்லா.

"நீயும் நானுந்தான். அவுங்க சும்மா கூட வராங்க."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். (இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவன் செய்யக்கூடாத தப்பு.)

சிக்கனம் ஸ்பெயினிலும் தொடர்ந்தது. ஆறு பேருக்கும் சேர்த்து அந்த ஊர் சிம் போட்டு வேலை செய்கிற கைப்பேசி ஒன்றே ஒன்று, என் பையில். காரிலும் அதே கதை. பெரிய வண்டிக்கு இருமடங்கு வாடகை என்பதால் ஐந்து இருக்கை வண்டியை எடுத்தேன். ஆறு பேர், ஐந்து இருக்கை. நம் பக்கத்தில் இதற்கு வண்டி காலியாக ஓடுகிறது என்று பெயர்.

கல்யாண நாளன்று காலை எல்லோரும் கடலுக்குக் கிளம்பினோம். லைசென்ஸ் இருந்தது எனக்கு மட்டும். பின்னிருக்கையில் நான்கு பேர், ஸ்டெல்லாவின் மடியில் புளிசாதத் தூக்கு. மலையிறங்கி நெடுஞ்சாலையைத் தொட்ட இடத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார்.

"சார், ஃபேமிலி சார், அட்ஜஸ்ட் சார்!" என்று டேவிட் தலையை வெளியே நீட்டினான்.

அவர் ஆறு விரல்களைக் காட்டினார். ஒன்றை மடக்கினார். அபராதம் எழுதினார். பிறகு எதிரில் இருந்த பஸ் நிறுத்தத்தைக் காட்டிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

யார் இறங்குவது? நான்கு பேர் பங்கு கொடுத்தவர்கள். நான் ஓட்டுநர். பங்கு கொடுக்காத பயணி ஒரே ஒருத்திதான்.

"ஸ்டெல்லா, நீ கொஞ்சம் எறங்கி நின்னுக்கினு இரு. பத்து நிமிசத்துல இவுங்கள விட்டுட்டு வந்துர்றேன்."

தமிழ் தெரியாத அந்தப் போலீஸ்காரரே என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஸ்டெல்லா தூக்கை டேவிட் மனைவியின் மடிக்கு மாற்றினாள், இறங்கினாள், கதவை மெதுவாகச் சாத்தினாள். சத்தமாகச் சாத்தியிருந்தால் பிழைத்திருப்பேன்.

அந்த ஊரில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். திரும்ப இடம் கிடையாது. ரவுண்டானா வரும், அது இன்னொரு ரவுண்டானாவிடம் நம்மை ஒப்படைக்கும். நான் திரும்பி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. நிறுத்தத்தில் வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது.

கைப்பேசியை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது? அவள் கைப்பேசியை வெறும் கேமராவாக்கி வைத்ததே நான்தானே!

"மாமா, எங்கக்காவ இன்னா பண்ண?" என்று, தனியாகத் திரும்பி வந்த என் சட்டையை டேவிட் கடற்கரையில் பிடித்தான். "பேஜாரு பண்ணிட்டியே நைனா" என்று சீனிவாசலு மணலில் உட்கார்ந்துவிட்டார். மீன்குழம்பு கொதிக்கும் வெயிலில், கரை நெடுக "ஸ்டெல்லா, ஸ்டெல்லா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். இரண்டு வெள்ளைக்கார ஸ்டெல்லாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னுடையவள் இல்லை. அந்தக் கடலின் நீலம் அப்போது எனக்கு விஷம் மாதிரி இருந்தது.

போலீஸுக்குப் போக அவள் பாஸ்போர்ட்டை எடுக்கலாமென்று சாயங்காலம் வாடகை வீட்டுக்கு ஓடினேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலை, புதுத் தொப்பி, சிவந்த மூக்கு. கையில் உருகும் ஐஸ்கிரீம்.

"எங்கடி போன?"

"பஸ்ஸு வந்துச்சு. ஏறுனேன்."

"துட்டு?"

"என் கம்பெனி போனசு. யூரோவா மாத்திக்கினு வந்தேன். உன்னாண்ட சொன்னா அதையும் தலைக்கு இவ்ளோன்னு பிரிச்சிருப்ப." ஐஸ்கிரீமை ஒரு நக்கு நக்கினாள். "வேற ஒரு கடலு, கூட்டமே இல்ல. நாற்காலி வாடகைக்குக் குடுத்தான். ரெண்டு எடுத்தேன். ஒண்ணுல நான். ஒண்ணுல என் பை."

நான் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசும்பினேன். அவள் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தாள். அழுவதை மறைக்கவா, பார்த்துச் சிரிக்கவா என்று இன்றைக்கும் தெரியாது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த வண்டி கிளம்பினாலும், அது ஒரு நிலத் தகராறுக்காகத் திருவள்ளூர் கோர்ட் வரைக்கும் போகிற வண்டியாக இருந்தாலும், டேவிட் ஜன்னல் வழியாகக் கத்துவான்: "மாமா, எங்கக்கா ஏறிட்டாளா? இல்ல, எறக்கிட்டியா?" வண்டி முழுக்கச் சிரிப்பு. போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகும்போது சீனிவாசலுவின் மனைவி மட்டும் சிரிக்காமல் உச்சுக்கொட்டினார். "பாவம் அக்கா, அவ்ளோ தொலவு போயும் டூரு கெட்டுப்போச்சு உனக்கு."

ஸ்டெல்லா வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"நான் எறங்குனப்பறந்தான் டூரு. அதுக்கு மின்ன நடந்தது லோடு ஏத்துறது."