புள்ளி வெளியே போன முக்கோணம்

கோணலாக எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. இந்தக் கெட்ட பழக்கத்தால் ஒரு இத்தாலியப் பேராசிரியரின் கடைசி வகுப்பையே கெடுத்தவன் நான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஷார்ஜாவில் ஒரு கல்லூரியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. (கம்ப்யூட்டரில் படம் போடும் ஆட்டோகேட் தெரியும் என்ற என் தலைக்கனத்துக்கே தனி விசா எடுத்திருக்க வேண்டும்.) வடிவியல் கற்பித்த அந்த இத்தாலியர் ஸ்கேலைத் தொடவே மாட்டார்; முப்பது வருடமாகக் கையாலேயே படம் போடுகிறவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். கண்ணில் புரை வேறு. ஊர் திரும்பும் முன் கடைசி வகுப்புக்காகப் பென்சிலில் ஒரு படம் வரைந்து, "இதை அப்படியே புரொஜெக்டர் ஷீட்டில் எடுத்துக் கொடு" என்றார்.

படத்தில் ஒரு முக்கோணம். அதன் உச்சிக் கோணத்தைச் சமமாகப் பிரிக்கும் கோடும், அடிப்பக்கத்தின் நடுவே போகும் செங்குத்துக் கோடும் முக்கோணத்துக்கு உள்ளே சந்தித்தன. கம்ப்யூட்டரில் போட்டால் அந்தப் புள்ளி வெளியே, அடிப்பக்கத்துக்குக் கீழே போய் விழுந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பாவம், மனுஷருக்குக் கண் போய்விட்டது என்று மனம் இளகியது. சொன்னால் வருத்தப்படுவார் என்று சொல்லாமலேயே திருத்திக் கொடுத்தேன்.

வகுப்பில் நான் ஷீட்டைத் திரையில் காட்டியதும், அவர் அதைப் பார்க்காமல் மாணவர்களைப் பார்த்துத் தொடங்கினார்: "எல்லா முக்கோணத்திலும் இரண்டு பக்கங்கள் சமம். நிரூபிக்கிறேன். இந்தப் புள்ளி உள்ளே இருப்பதால்..."

முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "சார், புள்ளி வெளியில்தானே இருக்கிறது?"

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். பொய்ப் படத்தைக் காட்டிப் பொய் நிரூபணத்தை வகுப்பே நம்பும்படி செய்வது, கடைசியில் படத்தை நம்பியதுதான் தப்பு என்று உடைத்துக் காட்டுவது: அதுதான் அன்றைய பாடமே. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளும் அதைத்தான் நடத்தினாராம். அதிலேயே முடிக்கவும் ஆசைப்பட்டிருந்தார். வகுப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்துபோனது.

வராந்தாவில் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னிடம் ஏன் கேட்கவில்லை?"

"உங்கள் கண்..." என்று இழுத்தேன்.

"பார்க்கிறவர் நம்பும்படி தப்பாக வரைய எனக்கு எத்தனை வருடம் பிடித்தது தெரியுமா?" என்றார். பென்சில் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மனைவி ஸ்டெல்லா குளச்சல்காரி, நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தவளிடம் சொன்னேன். "அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து சுவரில் சாய்ந்த காலண்டரை நிமிர்த்த நான் எழுந்தாலே போதும், பிள்ளைகள் கோரஸாகப் பாடுவார்கள்: "கேட்டியளா?"

போன மாதம் எனக்கும் புரை என்றார் டாக்டர். ஊறுகாய்க்காக நான் லிஸ்டில் எழுதிய 'இஞ்சி இரண்டு கிலோ'வை மகன் இருநூறு கிராமாக்கியிருந்தான். அப்பாவுக்குக் கண் தெரியவில்லையாம். எனக்கு வேண்டியது இரண்டு கிலோதான். அடுப்படியிலிருந்து மகனை நோக்கி ஸ்டெல்லாவின் குரல் வந்தது. அதில் கேலியே இல்லை.

"அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டியா, மக்களே?"